முயல் ஓடும்போது உட்காரும் நாய்

இங்கிலாந்துக் கிராமப்புறத்தில், இடுப்பளவு வளர்ந்த பெரணிப் புதர். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கர் ஸ்பானியல் இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடி, மூக்கால் துழாவிக்கொண்டே முன்னேறுகிறது. சற்றுப் பின்னால் துப்பாக்கியோடு ஒருவர் வருகிறார். அவருக்குப் பக்கத்தில் கழுத்தில் விசில் மாட்டிய இன்னொருவர். நாயின் மூக்குக்கு நேர் முன்னாலிருந்து ஒரு முயல் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. நாய் உடனே பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துவிடுகிறது. உடம்பு முழுக்க நடுக்கம் ஓடுகிறது, தொங்கும் காதுகள் வேரோடு முன்னுக்கு இழுபடுகின்றன, கண் முயலை விட்டு அகலவில்லை. ஆனால் பிட்டம் தரையை விட்டு எழவில்லை. வெடிச்சத்தம் கேட்கிறது, முயல் உருண்டு விழுகிறது. அப்போதும் நாய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பெயர் சொல்லி அனுப்பிய பிறகே பாய்ந்து போய், பல் பதியாமல் கவ்விக்கொண்டு வந்து எசமானின் கையில் கொடுக்கிறது. பார்ப்பவர்கள் நாய் முயலைக் கண்டுபிடித்ததைப் பாராட்டுவார்கள். அதைவிடப் பெரிய ஆச்சரியம், முயல் ஓடியபோது அது ஓடாமல் இருந்ததுதான்.

வேட்டை நாயைப் பழக்குவது என்றால் வேட்டையாடக் கற்றுக்கொடுப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். வேட்டையாட நாய்க்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. நாயின் வேட்டையை ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் தம்பதி ஒரு சங்கிலியாகப் பிரித்துக் காட்டினார்கள்: இரையின் பக்கம் திரும்புவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது. ஓநாயிடம் இந்தச் சங்கிலி முழுசாக இருக்கிறது. நாய் இனங்களில் மனிதன் தன் தேவைக்கேற்பச் சில கண்ணிகளைப் பெரிதாக்கியிருக்கிறான், சிலவற்றை மழுங்கடித்திருக்கிறான். பாயிண்டர் இனத்தில் உற்றுப் பார்க்கும் கண்ணி வீங்கிப் பெருத்துவிட்டது. எட்டு வாரக் குட்டியின் முன் கயிற்றில் கட்டிய ஓர் இறகை ஆட்டினால் போதும், முன்னங்காலைத் தூக்கியபடி சிலையாகிவிடும். லாப்ரடார் போன்ற ரிட்ரீவர் இனங்களில் கவ்வும் கண்ணி வலுவாக இருக்கிறது. கொல்லும் கண்ணி ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. ஆக, குட்டி நம் கைக்கு வரும்போதே பாதி வேலையை இனப்பெருக்கம் முடித்துவைத்திருக்கிறது. மீதிப் பாதி, அதாவது எப்போது நிற்க வேண்டும், யார் சொன்னால் திரும்ப வேண்டும் என்பது, ரத்தத்தில் வருவதில்லை. இளம் வேட்டை நாயின் பயிற்சியில் எதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை விட எதை எதற்கு முன் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. நிற்கும் பாடம் முதலில் வர வேண்டும், இரையின் வாசனை கடைசியில் வர வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு வரிசைக்கான வாதம்தான்.

இந்த வரிசைக்கு முதல் காரணம், துரத்தல் தனக்குத் தானே கூலி கொடுத்துக்கொள்ளும் செயல் என்பது. உட்கார், வா, இரு என்ற பாடங்களுக்கெல்லாம் நாம் ரொட்டித் துண்டோ தட்டிக்கொடுப்பதோ கொடுத்தாக வேண்டும். முயலைத் துரத்தும் நாய்க்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம். முயல் தப்பிவிட்டாலும் ஓடிய ஓட்டமே அதற்குப் பரிசு. உள்ளூர ஊறிய செயலோடு கூலி வேலை போட்டி போட்டால் என்னவாகும் என்பதை 1961ல் கெல்லர் பிரெலாண்ட், மரியன் பிரெலாண்ட் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை காட்டியது. பி.எஃப். ஸ்கின்னரிடம் படித்த அவர்கள், விலங்குகளுக்கு வித்தை பழக்கிக் காட்சிக்கு அனுப்புவதையே தொழிலாக நடத்தினார்கள். ரக்கூன் என்ற விலங்குக்கு நாணயத்தை எடுத்து உண்டியலில் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாணயத்தைக் கைவிடத் தயங்கினாலும் கடைசியில் போட்டுவிட்டது. இரண்டு நாணயம் கொடுத்ததும் அது உண்டியலை மறந்து, இரண்டையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. நண்டு, நத்தை மாதிரியான இரையைக் கையில் வைத்துத் தேய்க்கும் அதன் பிறவிப் பழக்கம் நாணயத்தின் மேல் ஏறிக்கொண்டது. மர வில்லையைத் தூக்கி வந்து உண்டியலில் போட்டுக்கொண்டிருந்த பன்றியோ, நாளாக ஆக அதைக் கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, உண்டியலில் போட்டால் தீனி, போடாவிட்டால் தீனி இல்லை என்பது. பசியோடு இருந்த விலங்குகள் தீனியை இழந்துகொண்டே பிறவிச் செயலைச் செய்தன. முயலைத் துரத்தும் நாயின் முதுகுக்குப் பின்னால் பிஸ்கட்டை ஆட்டிக்கொண்டு நிற்பவரின் நிலை எவ்வளவு பரிதாபமானது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் நினைவின் இயல்பு. மணிச்சத்தத்தையும் தீனியையும் இணைத்துப் பழக்கிய நாய்க்கு, மணி மட்டும் அடித்துத் தீனி தராமல் விட்டால் எச்சில் ஊறுவது மெல்ல நின்றுபோகும் என்று இவான் பாவ்லோவ் கண்டார். ஆனால் சில காலம் இடைவெளி விட்டு மறுபடி மணி அடித்தால் எச்சில் திரும்பிவந்தது. பழைய பாடம் அழியவில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று படிந்திருந்தது, அவ்வளவே. அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டனின் ஆய்வுகள் இதை இன்னும் கூர்மையாக்கின: ஓர் இடத்தில் ‘அணைந்த’ பழக்கம் வேறு இடத்துக்குப் போனதும் உயிர்பெற்றுவிடும். இதை வயலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஐந்து மாதக் குட்டி நாலு முறை முயலைத் துரத்திவிட்டது. பிறகு ஒரு வருஷம் பாடுபட்டுப் பழக்கத்தை நிறுத்துகிறோம். வழக்கமான புல்வெளியில் நாய் ஒழுங்காக உட்காருகிறது. புதிய ஊர், புதிய வாசனை, கூட்டம், வெடிச்சத்தம் என்று சூழல் மாறிய நாளில் பழைய பாடம் கிளம்பி வருகிறது. எழுதாத சிலேட்டில் எழுதுவது சுலபம். எழுதியதை அழிக்க நாயின் மூளையில் துணியே கிடையாது.

நிற்கும் பாடத்தின் வரலாறும் இங்கே உதவுகிறது. ஐரோப்பாவில் துப்பாக்கிக்கு முன்பே, கௌதாரிக் கூட்டத்தின் வாசனை கிடைத்ததும் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும் நாய்களை வளர்த்தார்கள். படுத்த நாயின் மேலாகவே வலையை இழுத்துப் பறவைகளை மூடினார்கள். இன்றைய செட்டர் இனத்தின் முன்னோர்கள் அவை. நாய் எழுந்து பாய்ந்தால் வலை வீண். பறக்கும் பறவையைச் சுடும் துப்பாக்கி வந்த பிறகு, நிற்காத நாயால் வேட்டை கெடுவதோடு நாயின் உயிருக்கும் ஆபத்து என்றாயிற்று. தாழப் பறக்கும் கௌதாரிக்கும் குழலுக்கும் நடுவே துள்ளும் நாய்தான் குண்டு வாங்கும். 1865ல் பெட்ஃபோர்ட்ஷயரின் சவுத்ஹில்லில் பாயிண்டர், செட்டர் நாய்களுக்கு நடந்த போட்டியை முதல் களப்போட்டியாகச் சொல்கிறார்கள். இன்றைய பிரிட்டிஷ் களப்போட்டிகளில் அனுமதியில்லாமல் பாய்வது, துரத்துவது, கட்டுப்பாட்டை மீறுவது, முனகுவது அல்லது குரைப்பது, இரையைக் கடித்து நசுக்குவது எல்லாம் நாயை அங்கேயே வெளியேற்றும் குற்றங்கள். கடைசிக் குற்றத்தைத் தவிர மற்றவை எல்லாம் பொறுமை இல்லாமையின் வெவ்வேறு முகங்கள். நம் ஊர் சிப்பிப்பாறை, கன்னி நாய்களை அறிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: அவற்றுக்கு இந்த விசில் பாடமெல்லாம் இருந்ததில்லையே? உண்மை. கண்ணால் பார்த்துக் காலால் வெல்லும் இனங்கள் அவை. கயிற்றை அவிழ்த்த பிறகு முடிவெடுப்பது நாய்தான், துரத்தலே அதன் வேலை. நாய்க்கும் இரைக்கும் இடையில் துப்பாக்கி வராதவரை நடுவழியில் நிறுத்தும் தேவையும் வரவில்லை. (1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் அந்த வேட்டைக்கே இடமில்லை என்பது வேறு விஷயம்.) இங்கு பேசுவது துப்பாக்கியோடு சேர்ந்து வேலை செய்யும் நாய்களைப் பற்றி.

சரி, வரிசை எங்கே தொடங்குகிறது? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். நாய்க்கு இந்தக் கணக்கை ஆண்டில் போடாமல் வாரத்தில் போட வேண்டும். 1961ல் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், காக்கர் ஸ்பானியல், பீகிள் குட்டிகளை உயர்ந்த வேலி போட்ட ஒரு திறந்த வயலில், மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்த்தார்கள். 2, 3, 5, 7, 9 வார வயதுகளில் வெவ்வேறு குட்டிகளை வெளியே எடுத்து ஒரு வாரம் மனிதர்களோடு பழகவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 14 வாரம் வரை மனிதனையே காணாத குட்டிகள் காட்டு விலங்குகளைப் போலாகிவிட்டன. அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் ஐந்து இன நாய்களை ஆராய்ந்து ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965ல் வெளியிட்ட நூல், சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள இந்தச் சன்னலை விரிவாக விளக்கியது. வேட்டை நாய்க்கு இதன் பொருள்: இந்த வாரங்களில் குட்டி பார்க்க வேண்டியவை இரையும் இறகும் அல்ல. சிறுவர்கள், முதியவர்கள், தொப்பி போட்டவர்கள், வண்டியில் பயணம், ஈரப் புல், ஆழமில்லாத ஓடை, ஆட்டுக் கூட்டம், பாத்திரம் விழும் ஓசை. பிற்காலத்தில் மிரண்டு போகும் நாய்க்கு எவ்வளவு கூரிய மூக்கு இருந்தும் பயனில்லை.

அடுத்து வருவது விசில். இதன் அருமை தெரியாமல் பலர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மனிதக் குரலில் கோபமும் பயமும் அவசரமும் கலந்துவிடும்; ஒரே ‘வா’ பத்து விதமாக ஒலிக்கும். விசிலுக்கு மனநிலை கிடையாது. பிரிட்டனில் ஸ்பானியல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 210½ என்ற எண்ணிட்ட அக்மி விசிலை வாங்குகிறார்கள்; தொலைந்தால் அதே எண்ணில், அதே சுருதியில் இன்னொன்று கிடைக்கும் என்பதுதான் காரணம். நீண்ட ஒரே ஊதல் என்றால் நில் அல்லது உட்கார். குட்டி குட்டியாகப் பல ஊதல் என்றால் வா. இந்த இரண்டும் வயலில் தொடங்குவதில்லை, சமையலறையில் தொடங்குகின்றன. தீனித் தட்டை இறக்கும்போது ஓர் ஊதல். குட்டியின் பிட்டம் தரையில் பட்டதும் தட்டு கீழே வருகிறது. ஒரு வாரம் கழித்துத் தட்டைத் தரையில் வைத்த பிறகும் இரண்டு நொடி காத்திருக்க வேண்டும். பிறகு ஐந்து நொடி. பிறகு தோட்டத்தில், கதவோரத்தில், நடந்துகொண்டிருக்கும்போது, இன்னொரு நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அறையில் உட்காரும் நாய் வயலிலும் உட்காரும் என்று நம்புவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நாயைப் பொறுத்தவரை அவை இரண்டும் வெவ்வேறு பாடங்கள். இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1848ல் வெளியான டபிள்யூ.என். ஹட்சின்சனின் ‘டாக் பிரேக்கிங்’ என்ற நூலிலேயே ஆரம்பப் பாடங்கள் வீட்டுக்குள்தான் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் அந்தச் சொல் நாயை வசப்படுத்துவதைக் குறித்தது; தமிழில் எழுதினால் வண்டியின் பிரேக்கும் அதுவும் ஒன்றாகிவிடுகின்றன. தற்செயல்தான், ஆனால் இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைப்பது கடினம்.

எவ்வளவு பழக்க வேண்டும் என்பதிலும் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றுகிறது. ஆர்வமுள்ள குட்டி கிடைத்தவர் காலையும் மாலையும் அரை மணி நேரம் பாடம் எடுப்பார். மேயர், லாடெவிக் இருவரும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், பீகிள் நாய்களை வாரம் ஒரு முறை பழக்கிய குழுவும் வாரம் ஐந்து முறை பழக்கிய குழுவும் ஒரே செயலைக் கற்றன. வாரம் ஒரு முறை பழகியவை குறைந்த எண்ணிக்கையிலான பாடங்களிலேயே கற்றுவிட்டன, நாட்காட்டியில் மட்டும் அதிக நாள் பிடித்தது. டெமான்ட் குழுவினர் 2011ல் 44 பீகிள்களைக் கொண்டு செய்த ஆய்வில், கூடைக்குப் போய் அங்கேயே இருக்கும் பாடத்தை வாரம் ஓரிரு முறை பழகிய நாய்கள் தினமும் பழகியவற்றைவிட நன்றாகக் கற்றன. நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது எந்தக் குழுவும் மறந்திருக்கவில்லை. ஆய்வுக்கூட பீகிளை வைத்து எல்லா நாய்களுக்கும் சட்டம் போட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் அவசரப்படத் தேவையில்லை என்று சொல்ல இது போதும். உடம்பும் அதையே சொல்கிறது: பெரிய இனங்களில் எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூட 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்கு முன் வேலி தாண்டவிடுவது மூட்டுக்குக் கெடுதல்.

எடுத்து வரும் பாடத்தில்தான் பெரும்பாலான ரிட்ரீவர்கள் கெடுகின்றன. கெடுப்பது அன்பு. குட்டிக்குப் பந்து எறிந்தால் குதூகலமாக ஓடிப்போய் எடுத்துவருகிறது. வீட்டுக்கு வரும் விருந்தாளி முதற்கொண்டு எல்லோரும் எறிகிறார்கள். நாளொன்றுக்கு ஐம்பது முறை. குட்டி இதிலிருந்து கற்கும் பாடம் ஒன்றே: ஏதாவது பறந்து கீழே விழுந்தால் நான் ஓட வேண்டும். பின்னால் ஃபெசன்ட் பறவை விழும்போது அதே பாடத்தை அது தவறாமல் ஒப்பிக்கிறது, நாம்தான் அதைத் ‘தவறு’ என்கிறோம். தேர்ந்த பயிற்சியாளர் வேறு விதமாகச் செய்கிறார். குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரைக்குப் பதிலாக, அரைக் கிலோ எடையுள்ள கேன்வாஸ் டம்மியை எறிகிறார். அது புல்லில் பொத்தென்று விழுகிறது. குட்டியின் தோள் ஒரு அங்குலம் முன்னுக்குப் போகிறது, கை மெதுவாக மார்பில் தடுக்கிறது. தோள் பின்னுக்கு வருகிறது. பிறகு அவரே நடந்து போய் டம்மியை எடுத்துக்கொண்டு வருகிறார். குட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது விழுந்து, சில நொடி கழிந்து, குட்டியின் பார்வை டம்மியிலிருந்து விலகி அவர் முகத்துக்கு வரும் கணத்தில் பெயர் சொல்லி அனுப்புகிறார். பத்தில் மூன்று நாய்க்கு, ஏழு பயிற்சியாளருக்கு. நாய் வளர்ப்பவர் தன் முதுகை இவ்வளவு வளைக்கத் தயாராக இல்லையென்றால், பின்னால் நாயை வளைக்க முடியாது.

வெடிச்சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இங்கே கருத்து வேறுபாடு குறைவு. துப்பாக்கி வெடிப்பின் உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டுகிறது. பழகட்டும் என்று குட்டியைச் சுடும் களத்துக்கு நேரே கூட்டிப்போவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. பயம் ஒரே பாடத்தில் பதியக்கூடியது, ஆயிரம் பாடத்திலும் முழுசாகப் போகாது. கைதட்டலில் தொடங்கி, தீனி வேளையில் தொலைவிலிருந்து சிறு வெடியாக ஆரம்பித்து, குட்டி தலையைக்கூடத் தூக்காமல் தின்னும்வரை காத்திருந்து, நாட்கணக்கில் தூரத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இதற்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. வெடி கேட்டதெல்லாம் எடுத்து வரும் வாய்ப்பு என்று குட்டி எண்ணத் தொடங்கினால், பயம் போய் வெறி வந்துவிடும். எனவே பயிற்சியாளர்கள் சில வெடிகளுக்குப் பிறகு ஒன்றுமே நடக்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, வலுவானதும்கூட: இவ்வளவு அடக்கினால் குட்டியின் வேட்டைத் துடிப்பே செத்துவிடாதா? ஐரோப்பியக் கண்டத்து மரபு ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. ஜெர்மனியில் இளம் பாயிண்டர் வகை நாய்களுக்கு வசந்த காலத்தில் நடக்கும் தேர்வில் முயலின் மோப்பத்தடத்தைத் தொடர்வது, மூக்கின் கூர்மை, தேடும் வேகம், இரையைச் சுட்டி நிற்பது, எசமானோடு ஒத்துழைப்பது ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். கீழ்ப்படிதலை இறுக்கமாகச் சோதிப்பது பிறகு வரும் தேர்வுகளில். வட அமெரிக்காவில் 1969ல் தொடங்கிய பல்திற வேட்டை நாய்கள் சங்கமும் 16 மாதம் வரையுள்ள நாய்களுக்குப் பிறவித் திறனை மட்டுமே அளக்கும் தேர்வு வைத்திருக்கிறது. ஆனால் இந்தத் தேர்வுகள் எதற்காக என்று பார்க்க வேண்டும். எந்த நாயை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ய, பயிற்சியின் மெருகு இல்லாமல் உள்ளதை உள்ளபடி பார்க்க விரும்புகிறார்கள். வளர்ப்பவரின் கேள்வியும் பயிற்சியாளரின் கேள்வியும் ஒன்றல்ல. தவிர, முயல் கண்ணிலிருந்து மறைந்த பிறகு மூக்கால் தடம் பிடிப்பது வேறு, கண்ணெதிரே ஓடும் முயலின் பின்னால் ஓடுவது வேறு. முதலாவதில் நாய் தலையைத் தாழ்த்தி யோசிக்கிறது, இரண்டாவதில் கால்தான் யோசிக்கிறது. பாயிண்டர்களுக்கு, பறவை இருக்கும் வயலில் கொஞ்சம் சீக்கிரமே விட்டுப் பார்ப்பது தேவை என்பதை ஏற்கிறேன். அதுவும் நீண்ட கயிற்றோடும், திரும்பி வரும் விசில் ஊறிய பிறகும்.

அதைவிட ஆழமான பதில் டேவிட் பிரிமாக்கிடமிருந்து வருகிறது. அதிகம் விரும்பும் செயலை, குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்று 1959 முதல் அவர் சோதனைகளில் காட்டினார். சோற்றைத் தின்றால் பலகாரம் என்று நம் வீட்டுப் பாட்டிகள் செய்துவந்ததுதான். நாய்க்கு வேட்டைதான் பலகாரம். விசிலுக்கு உட்கார்ந்தால் புதருக்குள் போக அனுமதி, உட்கார்ந்தால் டம்மி, உட்கார்ந்தால் முயல் போன பிறகும் புதிய வாசனை. அப்போது உட்காருவது வேட்டையைத் தடுக்கும் சுவராக இருப்பதில்லை, வேட்டைக்குள் நுழையும் வாசலாகிவிடுகிறது. துடிப்பு சாகும் ஆபத்து வரிசையால் வருவதில்லை. திட்டுவதாலும் அடிப்பதாலும், சலிப்பூட்டும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதாலும் வருகிறது. துடிப்பு கூடக்கூட நல்லது என்பதும் சரியல்ல. பிரே, மக்லீன், ஹேர் ஆகியோர் 2015ல் செய்த சோதனையில், கண்ணுக்குத் தெரியும் தடுப்பைச் சுற்றிப் போய்த் தீனியை அடையும் வேலையை நாய்களுக்குக் கொடுத்தார்கள். ஒருமுறை அமைதியான குரலில், ஒருமுறை படபடப்பாகக் கூவி அழைத்து. இயல்பிலேயே அமைதியான, உதவி வேலைக்கு வளர்த்த நாய்கள் படபடப்பில் இன்னும் நன்றாகச் செய்தன. வீட்டு நாய்கள் மோசமாகின, நேரே தடுப்பில் போய் முட்டின. தீப்பொறி போன்ற ஸ்பானியலைக் கையில் வைத்துக்கொண்டு அதை இன்னும் உசுப்பேற்றுபவர் இந்த இரண்டாவது வகைப் பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். மந்தமான லாப்ரடாருக்கு வேண்டுமானால் உற்சாகம் கூட்டலாம்.

இரண்டாவது எதிர்வாதம்: இப்போது ஓடட்டும், பின்னால் கழுத்தில் அதிர்ச்சி தரும் மின்பட்டை போட்டு நிறுத்திக்கொள்ளலாம். இதைச் சும்மா ஒதுக்க முடியாது, ஏனென்றால் இதற்குச் சாதகமான ஆதாரமும் இருக்கிறது. 2024ல் ஜான்சன், வின் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இழுபட்டு ஓடும் போலி இரையைத் துரத்தும் 19 நாய்களில் மின்பட்டை போட்டவை ஓரிரு பாடங்களில் துரத்தலை நிறுத்தின. தீனி கொடுத்துப் பழக்கியவை அந்தக் குறுகிய நாட்களுக்குள் நிறுத்தவில்லை. மறுபுறம், பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கூப்பர் குழுவினர் 2014ல் 63 வீட்டு நாய்களைக் கொண்டு செய்த ஆய்வில், கூப்பிட்டால் வராத நாய்களுக்கு மின்பட்டை பரிசுப் பயிற்சியைவிட மேலான பலன் எதையும் தரவில்லை, மன அழுத்தத்தின் அறிகுறிகளைக் கூட்டியது. அந்தப் பட்டையைப் பயன்படுத்தியவர்கள் பட்டை தயாரிப்பாளர்களின் சங்கமே பரிந்துரைத்த பயிற்சியாளர்கள். ஷில்டர், வான் டெர் போர்க் இருவரும் 2004ல், முன்பு மின்னதிர்ச்சி பெற்ற காவல் நாய்கள் அதிர்ச்சி தராத நேரத்திலும் எசமானின் முன்னிலையில் அஞ்சி ஒடுங்குவதைப் பதிவுசெய்தார்கள். வேல்ஸ் 2010லேயே இந்தப் பட்டையைத் தடை செய்துவிட்டது. முரண்போலத் தெரியும் இந்த ஆய்வுகளை நான் ஒன்றாகவே வாசிக்கிறேன். 2024 ஆய்வு காட்டுவது, துரத்தலின் சுவை கண்ட நாயிடம் ரொட்டித் துண்டு தோற்கும் என்பதை. பிரெலாண்டின் பன்றி சொன்னதும் அதுவே. அந்தச் சுவை காணாத குட்டியிடம் அந்தப் போட்டியே கிடையாது. வேட்டைக்காரருக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது: பந்தயத் திடலில் போலி இரையை வெறுத்தால் போதும், ஆனால் வயலில் வேலை செய்யும் நாய் முயலின் வாசனையை விரும்பியாக வேண்டும், ஓட்டத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அதிர்ச்சி இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கற்பிக்கும் கருவி இல்லை. வாசனை வந்த நொடியில் அதிர்ச்சியும் வந்தால், புதருக்குள்ளேயே போகாத நாய்தான் மிஞ்சும்.

எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் ஒரு கட்டம் வரும்: ஏழெட்டு மாதத்தில் நாய்க்குத் திடீரென்று காது கேட்காமல் போகும். ஆஷர் குழுவினர் 2020ல் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், அவற்றின் கலப்பு நாய்களை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் சோதித்தார்கள். எட்டு மாதத்தில் ‘உட்கார்’ என்று வளர்ப்பவர் சொன்னால் முன்பைவிடக் குறைவாகக் கேட்டன. அதே சொல்லை அந்நியர் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. வீட்டில் வயசுப் பிள்ளை இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஒரு வயதை நெருங்கும்போது நிலைமை திரும்பிவிட்டதாக வளர்ப்பவர்கள் தெரிவித்தார்கள். ஆக, குட்டி எல்லாம் கற்றுவிட்டது என்று நம்பி முதல் வேட்டைப் பருவத்துக்குக் கூட்டிப்போகும் வயதும், பிரேக் மிகத் தளர்ந்திருக்கும் வயதும் பல நேரம் ஒன்றாக அமைகின்றன. இந்த மாதங்களில் புதிய பாடம் வேண்டாம். பழையதை எளிதாக்கித் திரும்பச் செய்து, கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டு, முயல் திரியும் இடங்களிலிருந்து தள்ளியே இருப்பது போதும்.

பிறகு ஒரு நாள் வருகிறது. நாய்க்கு ஒன்றரை வயது, இலையுதிர் காலம், வரிசையாகத் துப்பாக்கிகள். அன்று அது வேலை செய்யப் போவதில்லை. வரிசைக்கு ஐம்பதடி பின்னால் கயிற்றோடு உட்கார்ந்து, பறவைகள் விழுவதையும் மூத்த நாய்கள் எடுத்து வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. முனகினால் இன்னும் ஐம்பதடி பின்னால். அமைதியாக இருந்தால், எல்லாம் ஓய்ந்து, மூத்த நாய்கள் வண்டியேறிய பிறகு, புல்லில் கிடக்கும் ஒரே ஒரு பறவையை எடுத்துவர அனுப்புவார்கள். உயிரில்லாத, சூடு ஆறிய பறவை. காயம்பட்டு ஓடும் பறவைக்கு இன்னும் ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். அன்று முழுக்க அந்த நாயைக் கூட்டிவந்தவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் பயிற்சியாளர்கள் பலர் சொல்லும் விதி. வானத்தைப் பார்க்கும் கண்ணால் நாயின் தோளைப் பார்க்க முடியாது. தோள் ஒரு அங்குலம் முன்னுக்குப் போகும் அந்தக் கணத்துக்காகத்தான் அவர் அங்கே வந்திருக்கிறார்.